செப்பேட்டு ஆணத்தியும் பி.டி.ஓ. ஆபீசும்

சம்பா நடவு முடிஞ்சு முதல் களையும் எடுத்தாச்சு. நாலு நாளா மழை. வயலுக்குப் போனாலும் வரப்புல நின்னு பார்த்துட்டுத் திரும்புறதைத் தவிர வேற வேலை இல்லை. ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சிருந்த ஒரு விஷயத்தை இன்னிக்கு எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

போன வாரம் டீக்கடையில ஒரு பேச்சு. எங்க பக்கத்துக் கன்னி வாய்க்காலைத் தூர்வாரப் பணம் வந்திருக்காம். ஒருத்தர் கொம்யூன் பஞ்சாயத்துல வந்திருக்குன்னார். இன்னொருத்தர் இல்லை, பி.டி.ஓ. ஆபீசுலதான்னார். மூணாவது ஆள் ரெண்டும் இல்லை, பொதுப்பணித் துறைன்னு அடிச்சுச் சொன்னார். பக்கத்துல உக்காந்திருந்த தம்பி ஒருத்தன் கேட்டான்: "ஏண்ணே, இந்தப் பணத்துக்கெல்லாம் யாருதான் பொறுப்பு? யாரைப் போய்க் கேக்கறது?"

யாருகிட்டயும் பதில் இல்லை. எனக்கும் சட்டுனு சொல்லத் தெரியலை. ஆனா இந்தக் கேள்விக்கு நம்ம பாகூர்லயே ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல பழசான ஒரு பதில் இருக்கு. அங்கேர்ந்து ஆரம்பிக்கிறேன்.

செப்பேட்டுல இருந்த மூணு பேரு

1879-ல ழூல் த லா ஃபோன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் நம்ம பாகூர்ல ஒரு செப்பேட்டுத் தொகுதியைக் கண்டெடுத்தார். அது இப்ப பாரிஸ்ல இருக்கு. ஒன்பதாம் நூற்றாண்டுல, பல்லவ ராஜா நிருபதுங்கவர்மனோட எட்டாவது ஆட்சி வருஷத்துல வெட்டினது. சமஸ்கிருதத்துல ஒரு பகுதி, தமிழ்ல ஒரு பகுதி. விஷயம் இதுதான்: வாகூர்ல நடந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது உயர்ந்த படிப்பு சொல்லிக்குடுக்கிற கல்லூரிக்கு, மூணு கிராமத்தோட வருமானத்தை எழுதி வெச்சிருக்காங்க. சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி. கடுவனூர்ங்கற பேரு இன்னிக்கும் நம்ம பக்கத்துல புழங்குது.

இந்தச் செப்பேட்டைப் பத்திப் பேசறவங்க எல்லாரும் கல்லூரியைப் பத்திதான் பேசுவாங்க. அது பெருமைதான். ஆனா ஒரு விவசாயியா எனக்குப் பிடிச்சது வேற. அந்த மானியம் ஊருக்கு வந்து சேர்ந்த விதம்.

முதல்ல ஒருத்தர் ராஜாகிட்ட விண்ணப்பம் பண்றார். வேசாலிப் பேரரையன்னு இந்தப் பக்கத்துத் தலைவர். ராஜா சரின்னதும், அதை நிறைவேத்தறதுக்கு ஒரு பெரிய அதிகாரியைப் போடறாங்க. அவருக்கு ஆணத்தின்னு பேரு. நம்ம மானியத்துக்கு ஆணத்தி, விடேல்விடுகு காடுபட்டித் தமிழப்பேரரையன். அப்புறம் ராஜாவோட ஓலை நாட்டாருக்கு வருது. நாட்டார்னா இந்தச் சுத்துவட்டாரத்து நிலக்காரப் பெரியவங்க. அந்தக் காலத்துச் செப்பேடுகள்ல வழக்கமா வர்ற நடைமுறை என்னன்னா, ஓலையை வாங்கித் தலையில வெச்சு மரியாதை பண்ணிட்டு, நாட்டார் எல்லையைச் சுத்தி நடப்பாங்க. நடந்து, கல்லும் கள்ளியும் நட்டு, இதுதான் எல்லைன்னு எழுதிக் குடுப்பாங்க.

ஆக மூணு பேரு. கேக்கறவர் ஒருத்தர், நிறைவேத்தறவர் ஒருத்தர், கூட நடந்து அடையாளம் காட்டுற ஊர்க்காரங்க. ராஜா காலத்துல எல்லாருக்கும் நியாயம் கிடைச்சுதுன்னு நான் சொல்லலை. நாட்டார்னா நிலம் வெச்சிருந்தவங்கதான், கூலிக்கு உழுதவங்க பேரு எந்தச் செப்பேட்டுலயும் இல்லை. ஆனாலும் காஞ்சியில உக்காந்திருக்கிற அதிகாரிக்கு நம்ம ஊரு வரப்பு தெரியாது, தெரிஞ்சவங்க கூட நடக்கணும்ங்கற அறிவு அன்னிக்கே இருந்திருக்கு.

ஆணை, ஆணத்தி, ஆணையர் மூணுமே ஒரே வேர்லேர்ந்து வந்த சொல்லுங்க. இன்னிக்கு நம்ம கொம்யூன் பஞ்சாயத்துல உக்காந்திருக்கிறவரை ஆணையர்னுதான் கூப்பிடறோம்.

மேர் காலம்

நடுவுல பல நூறு வருஷத்தைத் தாண்டிப் பிரெஞ்சுக்காரன் காலத்துக்கு வர்றேன். 1880-ல வந்த சட்டத்தால புதுச்சேரியில கொம்யூன் முறை வந்துச்சு. வில்லியனூர், பாகூர் எல்லாம் அப்பவே கொம்யூன். தலைவருக்கு மேர்னு பேரு. தேர்தல் எப்படி நடந்துச்சு, யாரு அடியாள் வெச்சு ஜெயிச்சாங்கன்னு பெரியவங்க சொல்ற கதை தனி. ஏரி, வாய்க்கால் பராமரிப்புக்கு விவசாயிங்களே பணம் போட்டு வெச்சுக்கிற பொது நிதியும் அந்தக் காலத்துல இருந்துச்சு. கேஸ் கொம்யூன்னு சொல்லுவாங்க. மதகு உடைஞ்சா யாருக்கும் மனு எழுத வேண்டாம், பொதுப் பணத்தை எடுத்து ஆளை இறக்கிடலாம்.

55 திட்டங்கள், ஒரு புது உத்தியோகம்

இப்ப பி.டி.ஓ. எங்கேர்ந்து வந்தார்னு பார்ப்போம். வட்டார வளர்ச்சி அலுவலர்னு போர்டுல இருக்கும். ஊர்ல யாரும் அப்படிச் சொல்லறதில்லை, பி.டி.ஓ.தான்.

சுதந்திரத்துக்கு முன்னாடியே அங்கங்கே சின்னச் சின்ன முயற்சி நடந்திருக்கு. 1920-களில் மார்த்தாண்டத்துல ஒய்.எம்.சி.ஏ. சார்பா ஸ்பென்சர் ஹாட்ச், சாந்திநிகேதன் பக்கத்துல தாகூர் ஆரம்பிச்ச ஸ்ரீநிகேதன். 1946-ல சென்னை மாகாணத்துல பிரகாசம் முதலமைச்சரா இருந்தப்ப பிர்கா வளர்ச்சித் திட்டம் வந்துச்சு. 1948-ல உத்தரப் பிரதேசத்துல எட்டாவா மாவட்டத்துல ஆல்பர்ட் மேயர்ங்கற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஒரு முன்னோடித் திட்டத்தை நடத்தினார். எல்லா வேலைக்கும் சேர்த்து ஊருக்கு ஒரே ஆள் வரணும்ங்கறது அங்கதான் நல்லா உருப்பெற்றுச்சு.

இதையெல்லாம் நாடு முழுக்கக் கொண்டு போனவர் எஸ்.கே. டே. சுரேந்திர குமார் டே, சில்ஹெட்ல பிறந்தவர், அமெரிக்காவுல படிச்ச இன்ஜினியர். பிரிவினை அகதிகளுக்காக நீலோகேரியில ஒரு ஊரையே கட்டினார். அந்த மக்களே வேலை செஞ்சு, தொழில் கத்துக்கிட்டு, தங்களுக்கான ஊரை எழுப்பினாங்க. நேருவுக்கு அது பிடிச்சுப்போச்சு. 1952 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாள்ல, 55 இடத்துல சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்குச்சு. நிர்வாகியா டேயைப் போட்டாங்க. 1956-ல அதுக்குன்னே தனி அமைச்சகம், அவரே மந்திரி.

ஒரு திட்டம்னா ஏறக்குறைய 300 கிராமம், 2 லட்சம் ஜனம். அதை மூணு வட்டாரமாப் பிரிச்சாங்க. வட்டாரத்துக்குத் தலைமை பி.டி.ஓ. அவருக்குக் கீழ விவசாயம், கால்நடை, கூட்டுறவு, பஞ்சாயத்து, ஓவர்சியர்னு விரிவாக்க அலுவலர்கள். அடியில கிராம சேவக். இதுக்கு முன்னாடி ஜனத்துக்குத் தெரிஞ்ச சர்க்கார் ஆளுன்னா வரி வாங்க வர்றவர், இல்லைன்னா போலீஸ். பணத்தைக் குடுக்கறதுக்குன்னே ஒரு அதிகாரி வந்தது இதுதான் முதல் தடவை.

1958-க்கு அப்புறம் ஒரு வட்டாரத்துக்கு முதல் அஞ்சு வருஷத்துக்கு 12 லட்சம், அடுத்த அஞ்சு வருஷத்துக்கு 5 லட்சம்னு கணக்கு வெச்சாங்க. அந்தக் காலத்துல அது பெரிய தொகை. ஆனா சும்மா குடுக்கலை. கிணறோ ரோடோ பள்ளிக்கூடமோ, ஊர்க்காரங்க ஒரு பங்கு போடணும். பணமா இல்லைன்னா உழைப்பா, நிலமா. 1960-களின் நடுவுல நாடு முழுக்க 5,000 வட்டாரத்துக்கு மேல வந்துடுச்சு.

1954 நவம்பர் 1-ல புதுச்சேரி இந்தியாவோட சேர்ந்த பிறகு இந்த ஏற்பாடு நம்ம பக்கமும் வந்துச்சு. எங்க அப்பா கிராம சேவக் பத்தி நிறையச் சொல்லுவாரு. சைக்கிள்ல வருவாராம், கேரியர்ல ஒரு சின்ன உர மூட்டை. "வரப்புல நின்னு பேசமாட்டாரு, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு சேத்துல இறங்கிடுவாரு"ன்னு அப்பா சொல்லும்போது அந்த மனுஷன் மேல இருந்த மரியாதை தெரியும். எரு மட்டும் தெரிஞ்ச தாத்தா, உப்பு உரத்தைப் பார்த்து "மண்ணு செத்துடும்டா"ன்னு சொன்னாராம். சேவக் சண்டை போடலை. ஒரு மூலையில நாலு குழியில மட்டும் போட்டுப் பார்ப்போம்னார். நல்லதோ கெட்டதோ, தாத்தா சொன்னதுல பாதி உண்மைன்னு எனக்கு இப்ப படுது, ஆனா ஊர்க்காரன்கிட்ட எப்படிப் பேசணும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

மேத்தா கேட்ட கேள்வி

திட்டம் ஆரம்பிச்சு அஞ்சு வருஷத்துல டெல்லிக்கே சந்தேகம் வந்துச்சு. இவ்வளவு பணம் போகுது, ஜனம் ஏன் தன்னுதுன்னு நினைக்க மாட்டேங்குது? 1957-ல பல்வந்த்ராய் மேத்தா தலைமையில ஒரு குழு போட்டாங்க. அந்த வருஷ நவம்பர்ல அறிக்கை வந்துச்சு. சாரம் இதுதான்: அதிகாரி கையில மட்டும் பணம் இருக்கிறவரைக்கும் ஊர்க்காரன் வேடிக்கைதான் பார்ப்பான். வட்டார அளவுல தேர்ந்தெடுத்த சபை இருக்கணும், பணமும் முடிவும் அந்தச் சபைகிட்ட போகணும், பி.டி.ஓ. அந்தச் சபையோட நிர்வாக அதிகாரியா வேலை செய்யணும்.

1959 அக்டோபர் 2-ல ராஜஸ்தான் நாகவுர்ல நேரு இதைத் தொடங்கி வெச்சார். நமக்குப் பக்கத்துல சென்னை மாநிலத்துல 1958 பஞ்சாயத்துச் சட்டம் வந்து, 1961-க்குள்ள எல்லா இடத்துலயும் ஊராட்சி ஒன்றியம் வந்துடுச்சு. அங்க பி.டி.ஓ.வே ஒன்றிய ஆணையர். எதிர்ல தேர்தல்ல ஜெயிச்ச சேர்மன். ரெண்டு பேருக்கும் சண்டை வரும், சமாதானமும் வரும். ஆனா ஊர்க்காரனுக்குப் போய்ச் சத்தம் போட ஒரு ஆள் இருந்தார். வீட்டு வரி எவ்வளவு வசூல் பண்றீங்களோ அவ்வளவு தொகையைச் சர்க்காரும் போடும்னு ஒரு மானியமும் அங்க வந்துச்சு. வரி கட்டினா ஊருக்கு ரெண்டு மடங்கு வரும்ங்கறது ஜனத்துக்குச் சுலபமாப் புரிஞ்ச கணக்கு.

நம்ம கதை வேற

பாகூர்லேர்ந்து கொஞ்ச தூரம் போனாலே கடலூர் மாவட்டம். ஒரே மண்ணு, ஒரே நெல்லு. ஆனா சட்டம் வேற.

நமக்கு 1973-ல கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டம் போட்டாங்க. 1974 ஜனவரி 26-லேர்ந்து அமல். பாகூர், அரியாங்குப்பம், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு, வில்லியனூர்னு புதுச்சேரிப் பகுதியில அஞ்சு, காரைக்கால்ல அஞ்சு, ஆக பத்து கொம்யூன் பஞ்சாயத்து. அதுக்குள்ள 98 கிராமப் பஞ்சாயத்து. சட்டம் நல்லாத்தான் இருந்துச்சு. தேர்தல்தான் இல்லை. 1968-ல பழைய பிரெஞ்சு முறைப்படி நடந்ததுக்கு அப்புறம் அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2006-ல. நடுவுல 38 வருஷம். அதுவும் கோர்ட்டு சொன்னதால வந்துச்சு. 2006-ல ஜெயிச்சவங்க காலம் 2011-ல முடிஞ்சது. அப்புறம் பத்து வருஷம் கழிச்சு 2021-ல அறிவிப்பு வந்து, இடஒதுக்கீட்டுச் சிக்கல்ல கோர்ட்டுக்குப் போய் நின்னுபோச்சு.

என் வயசுக்கு நான் உள்ளாட்சித் தேர்தல்ல ஓட்டு போட்டது ஒரே ஒரு தடவை. என் பையன் ஒரு தடவை கூடப் போடலை.

அதனால என்ன ஆச்சு? செப்பேட்டுல இருந்த மூணு பேர்ல ஒருத்தர்தான் மிச்சம். நிறைவேத்தற ஆணையர் இருக்கார், பி.டி.ஓ. இருக்கார். கேக்கறதுக்கு ஆள் எம்.எல்.ஏ. மட்டும்தான். கூட நடந்து எல்லை காட்டுறவங்க யாரும் இல்லை. போதாக்குறைக்கு, நிதிக் கமிஷன் பஞ்சாயத்துகளுக்குன்னு சொல்ற மானியம் மாநிலங்களுக்குத்தான். நாம யூனியன் பிரதேசம், அந்தப் பட்டியல்ல வரமாட்டோம்.

டீக்கடைத் தம்பிக்காக இதையும் சொல்லிடறேன். பாகூர் கொம்யூனுக்குத் தனி பி.டி.ஓ. ஆபீசு கிடையாது, நாம அரியாங்குப்பம் வட்டாரத்துல வர்றோம். நூறு நாள் வேலை, மகளிர் குழு மாதிரி விஷயமெல்லாம் அங்க. தெருவிளக்கு, சாக்கடை, உள் ரோடு கொம்யூன் பஞ்சாயத்து. ஏரி, பெரிய வாய்க்கால் பொதுப்பணித் துறை. ஒரு வேலை எந்தக் கணக்குல வருதுன்னு தெரிஞ்சாதான் யார்கிட்ட மனு குடுக்கறதுன்னு தெரியும்.

ஒரு களத்தோட கதை

அதிகாரிங்களைத் திட்டறதுக்காக இதை எழுதலை. அவங்க கஷ்டமும் எனக்குக் கொஞ்சம் தெரியும். ஒரு வேலைன்னா எஸ்டிமேட் போடணும், நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி வாங்கணும், டெண்டர் விடணும், வேலை நடந்ததை அளந்து எம்.புக்ல எழுதணும், கடைசியில பணத்தைச் செலவு பண்ணிட்டோம்னு பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பணும். அது போகலைன்னா அடுத்த தவணை வராது. மார்ச் 31-க்குள்ள முடியலைன்னா பணம் திரும்பிடும். பணத்தைத் திருப்பி அனுப்பினா மேலதிகாரி கேப்பார். தப்பான இடத்துல செலவு பண்ணினா யாரும் கேக்கமாட்டாங்க. இதுதான் சங்கடமே.

பன்னெண்டு வருஷம் முன்னாடி எங்க பக்கத்துல ஒரு சிமெண்ட் களம் போட்டாங்க. எந்த ஆபீசுன்னு வேண்டாம். மார்ச் மாசம், வெயில் காலம், நிலம் காஞ்சு கிடந்துச்சு. காலி இடம் பார்த்தாங்க, அளந்தாங்க, இருபது நாள்ல களம் ரெடி. நான் வேலையா வெளியூர் போயிருந்தேன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். ஆனா ஊர்ல இருந்தவங்களும் கேக்கலை, இருந்திருந்தா நானும் கேட்டிருப்பேனான்னு தெரியலை. அந்த இடம் பள்ளம். ஐப்பசியில தண்ணி நின்னா தை வரைக்கும் வடியாது. சம்பா அறுப்புக்குக் களம் வேணும்ங்கற நேரத்துல அதுல தவளை கத்தும். நாங்க இன்னிக்கும் நெல்லை ரோட்டுலதான் காயப்போடறோம். போன வருஷம் ராத்திரி ஒரு பைக்காரப் பையன் அந்த நெல்லுல சறுக்கி விழுந்து கை உடைஞ்சுபோச்சு. குவியல் என்னோடது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதும் நான்தான்.

ஒரு பெரியவரைக் கூட்டிட்டுப் போயி "ஐயா, இங்க தண்ணி நிக்குமா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும்.

இதுக்கு நேர்மாறாவும் ஒண்ணு நடந்திருக்கு. 1999-ல ஐரோப்பிய ஒன்றிய நிதி உதவியோட ஏரிகள் புனரமைப்புத் திட்டம் ஆரம்பிச்சுது. புதுச்சேரிப் பகுதியில இருக்கிற 84 ஏரிக்கும். அப்ப ஏரிக்கு ஒரு விவசாயிகள் சங்கம் வெச்சாங்க. சங்கத்துல நானும் இருந்தேன், முப்பது வயசு கூட ஆகலை. ஒரு நாள் காலையில இன்ஜினியரும் நாங்க பதினஞ்சு பேரும் கயிறை எடுத்துக்கிட்டு வாய்க்கால் முழுக்க நடந்தோம். எந்த மடையில தண்ணி முட்டுது, எவன் வரப்பை வாய்க்காலுக்குள்ள நகர்த்தியிருக்கான், எங்க கரை இளகிக் கிடக்கு, எல்லாம் பேசிக்கிட்டே போனோம். ரெண்டு இடத்துல சண்டையே வந்துச்சு. இன்ஜினியர் போட்டிருந்த வரைபடத்துல மூணு திருத்தம். நாங்களும் எங்க பங்கைப் போட்டோம். அந்த வேலை பல வருஷம் நின்னுச்சு. ஏன்னா அது எங்க வேலை.

அப்ப எங்களுக்குத் தெரியாது, ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி நாட்டார் செஞ்சதையேதான் நாங்களும் செஞ்சிருக்கோம்னு.

இப்ப என்ன செய்யலாம்

என் நிலம் கடைமடை. சொர்ணாவூர் அணைக்கட்டுலேர்ந்து பங்காரு வாய்க்கால் வழியா தென்பெண்ணைத் தண்ணி பாகூர் ஏரிக்கு வரணும். ஏரியிலேர்ந்து மதகு, மதகுலேர்ந்து வாய்க்கால், அப்புறம் கன்னி வாய்க்கால், கடைசியில என் ரெண்டு ஏக்கர். போன வருஷம் கதிர்ல பால் பிடிக்கிற நேரத்துல ஏரியில தண்ணி இருந்தும் எனக்கு வரலை. நடுவுல தூர் அடைச்சு நாணல் மண்டிக் கிடந்துச்சு. பாதி பதரு. இந்த வருஷமும் தூர்வார்ற பணம் மேல்மடையிலேயே முடிஞ்சுட்டா எனக்கு அதே கதைதான்.

தேர்தல் எப்ப வரும்னு சொல்ல நம்ம கையில இல்லை. அது வரணும், அதுக்காகக் கேட்டுக்கிட்டே இருக்கணும். ஆனா நடக்கறதுக்குத் தேர்தல் வேண்டாம். இந்த மழை விட்டதும், எஸ்டிமேட் போடறதுக்கு முன்னாடியே, நாங்க பத்துப் பேரு சேர்ந்து மதகுலேர்ந்து கடைமடை வரைக்கும் நடந்து, எந்த இடத்துல எத்தனை மீட்டர் அடைச்சிருக்குன்னு அளந்து எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு மனுவா குடுக்கலாம்னு இருக்கோம். யாருக்குன்னு குழப்பம் வேண்டாம்னு மூணு ஆபீசுக்கும் ஒவ்வொரு நகல். பெண்கள் குழுவுலேர்ந்தும் நாலு பேரு வர்றாங்க. களை எடுக்கிறவங்களுக்குத்தான் எந்த வயல்ல தண்ணி எத்தனை நாள் நிக்கும்னு நல்லாத் தெரியும். செப்பேட்டுல விட்டுப்போன ஆளுங்களை நாமளாவது சேர்த்துக்கணும்.

டீக்கடைத் தம்பிகிட்ட நேத்து இதைச் சொன்னேன். "யாரைக் கேக்கறதுன்னு கேட்டியே, முதல்ல வாய்க்காலைக் கேட்டுட்டு வருவோம் வா"ன்னேன். சிரிச்சான். ஆனா கயிறு அவன் வீட்டுல இருக்காம், எடுத்துட்டு வர்றேன்னு சொல்லியிருக்கான்.

மழை விடணும். விட்டா ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு மதகுகிட்ட கூடறோம். பக்கத்து ஊர்க்காரங்களும் வரலாம்.